தாய்வீட்டுச் சீர் – பரிசா, பங்கா?

பத்தமடைப் பாயைப் பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? பொருநையாற்றின் கரையிலே வளரும் கோரையை அறுத்து, கீறி, ஊறவைத்து, சாயமேற்றி, துணி போல் மடியும்படி நெய்கிறார்கள் அவ்வூர் இசுலாமியப் பெண்மணிகள். திருமணத்திற்கென்று கேட்டால், மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் கோரையிழையிலேயே பின்னித் தருகிறார்கள். நெய்கிற விரல் ஒரு மதம். படுத்துறங்கும் உடல் பிறிதொரு மதம். ஆயினும் பாய்க்கு மதமில்லை! இரு பெயருக்கும் ஒரே கோரை, ஒரே சாயம், ஒரே உழைப்பு. நெல்லைச் சீமையின் திருமண வழக்கங்களிலே, இருவரையும் சமமாக நடத்தும் பொருள் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பாய்தான் என்று சொல்லத் தோன்றுகிறது நமக்கு.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? மணம் முடிந்த முதல் ஆண்டைப் பாருங்கள். மறுவீடு என்று ஒரு விருந்து. தேங்காய்ப்பாலிலே சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியுடன் படைக்கிறார்கள். அடுத்து ஆடி அழைப்பு. அடுத்து தலைத் தீபாவளி. அதற்கடுத்துப் பொங்கற்படி. ஒவ்வொரு விடுமுறைக்கும் இளந்தம்பதியர் பெண்வீட்டுக்கு வருகிறார்கள். அல்லது பெண்வீட்டார் பொருளைச் சுமந்துகொண்டு அவர்களிடம் போகிறார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம், மகளுக்குப் பட்டு, சம்பந்தி வீட்டுக்குப் பித்தளைப் பானை, கரும்பு, அரிசி, வெல்லம்! இளையோர் இருவர் நான்கு நாள் ஓய்ந்திருக்க வந்தனர். முதியவர் ஒருவர் நான்கு ஆண்டு ஓயாதிருக்கக் கடன்பட்டார். இது மகிழ்ச்சியா? மரபா? அல்லது மரபு என்ற பெயரிலே நடக்கும் வசூலா? வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

ஓய்வு எங்கிருந்து வந்தது?

பஞ்சாங்கம் திருநாளைத் தரும், ஓய்வைத் தராது. உழவனுக்குத் திருநாளிலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேலை உண்டு. ஆலைத் தொழிலாளிக்கோ, சங்கு ஊதினால் ஓடவேண்டும். அவனுக்கு ஓய்வு நாளைப் பெற்றுத் தந்தது எந்தச் சாத்திரம்? எந்த ஆண்டவன்?

அந்த வரலாறு இந்த ஆற்றின் கடைமடைக்கு அருகிலேயே எழுதப்பட்டது. தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டத்து ஊர். 1986-இல்தான் தனி மாவட்டமாயிற்று. அங்கே வெள்ளையர் நடத்திய கோரல் ஆலையிலே, 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். கூலியை உயர்த்து என்றனர். வாரம் ஒரு நாள் விடுமுறை கொடு என்றனர். மார்ச் முதல் வாரத்திலே ஆலை முதலாளிகள் பணிந்தனர். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை? மார்ச் 12-இல் தலைவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் பலியாயின. அவ்வாண்டு சூலையிலே சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆண்டுதோறும் சம்பளத்துடன் விடுப்பு என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது: 240 நாள் உழைத்தவருக்கு, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு. இன்று மனைவியுடன் ஊருக்குப் புறப்படும் இளைஞன், பையிலே பலகாரத்தோடு இந்த வரலாற்றையும் எடுத்து வைக்கட்டும். அவன் நுகரும் நான்கு நாள், நாலு பேர் சிறை சென்றும் சிலர் உயிர் தந்தும் வாங்கியது.

ஆடியின் காரணம்

ஆணுக்கு ஓய்வு போராடி வந்தது. பெண்ணுக்கு? அவளுக்கு இருந்த ஒரே விடுப்பு தாய்வீடு. மாமியார் வீட்டிலே விடியுமுன் எழுந்து, எல்லோரும் உண்டபின் உண்டு, எல்லோரும் உறங்கியபின் உறங்கும் புதுப்பெண்ணுக்கு, ஆடி மாதம் வந்தால்தான் அம்மாவின் மடி. அந்த மடியின் அருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதற்குச் சொல்லப்படும் காரணத்தைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

ஆடியிலே கருவுற்றால் சித்திரையிலே பிள்ளை பிறக்கும். சித்திரை வெயில் தாய்க்கும் சேய்க்கும் ஆகாது. ஆகவே முன்னோர் பிரித்து வைத்தனர் என்கிறார்கள். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டாம் ஆண்டு ஆடியிலே ஏன் பிரித்து வைப்பதில்லை? மூன்றாம் ஆண்டு சித்திரையிலே வெயில் குறைந்துவிடுகிறதா? வெயிலுக்கு அஞ்சிய வழக்கமானால் ஆண்டுதோறும் அஞ்ச வேண்டாமா? முதல் ஆண்டுக்கு மட்டும் உரிய விதி, வெயிலைக் குறித்ததாக இருக்க முடியாது. முதல் ஆண்டிலே மட்டும் என்ன நடக்கிறது? சீர் நடக்கிறது! காரணம் வானத்திலே இல்லை, தாம்பாளத்திலே இருக்கிறது.

தாமிரபரணிப் பாசனத்திலே கார் என்றும் பிசானம் என்றும் இரு பூ. தென்மேற்குப் பருவமழையிலே ஆறு பெருகி, கார் பயிருக்கு வயல் நிறைந்திருக்கும் காலம் ஆடி. ஆடவர்க்கு வயலிலே வேலை மிகுதி; ஆதலால் மனையாள் பிறந்தகம் போனாள் என்று வேறொரு விளக்கம் கூறுவாரும் உண்டு. இருக்கலாம். அப்படியென்றால், நாற்றங்காலே காணாத அலுவலகக் கணக்கருக்கு அந்த விதி எதற்கு? ஆடியிலேதான் குற்றாலத்தில் சாரல். இன்றைய இளந்தம்பதியர் பலர் பிரிந்திருக்க வேண்டிய மாதத்தில் சேர்ந்து அருவிக்குப் போகிறார்கள். எந்தக் கேடும் வந்துவிடவில்லை. நனைந்த தலைதான் மிச்சம்!

இன்னொரு பெண்ணையும் நினைப்போம். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாளே, அவளுக்கு விடுமுறை என்பது என்ன? சுற்றினால் கூலி, சுற்றாவிட்டால் இல்லை. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என்றே கொண்டது. ஆண்டு விடுப்பையும் எழுதி வைத்தது. ஏட்டிலே எழுதியது வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும்வரை, தாய்வீட்டுக்குப் போகிறவள் இலையையும் தூளையும் உடன் கொண்டுபோகிறாள். அவளுடைய திருநாளிலும் விரல்கள் ஓய்வதில்லை.

சிறுவீடும் பெருவீடும்

நெல்லைப் பக்கத்திலே சிறுவீட்டுப் பொங்கல் என்றொரு வழக்கம் உண்டு. மார்கழி முழுதும் வாசற்கோலத்திலே சாணவுருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். அவற்றைத் தட்டி உலர்த்திச் சேர்த்து வைப்பார்கள். தைப்பொங்கலுக்குப் பின் ஒரு நாள், வீட்டுச் சிறுமிக்கென்று மண்ணாலே ஒரு சிறிய வீடு அமைத்து, அதிலே அவள் பொங்கலிடுவாள். பின்னர் அந்த எருத்தட்டுகளை ஆற்றிலே விட்டு வருவார்கள். ஆறு வயதுச் சிறுமி, முழங்கால் உயர மண்சுவரைக் காட்டி, “இது என் வீடு” என்கிறாள். பெற்றோர் சிரித்து மகிழ்கின்றனர்.

அவள் வளர்ந்தபின், கல்வீட்டைக் காட்டி, “இதிலும் என் பங்கு உண்டல்லவா?” என்று கேட்டாளானால்? சிரித்த முகங்கள் சிவக்கின்றன! “உனக்குத்தான் சீர் செய்தோமே!” என்கிறார்கள். ஆம் தோழர்களே, சீரின் உண்மை வரலாறு இதுதான். பங்கு கேட்க உரிமையில்லாதவளுக்குப் பண்டிகைதோறும் கொடுக்கப்பட்ட ஆறுதல் அது. மகனுக்கு வயல், மகளுக்கு வளையல். மகனுக்கு வீடு, மகளுக்கு விருந்து.

இதை மாற்றவேண்டும் என்று 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானம் செய்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்திலே சம உரிமை வேண்டும் என்றது. கேட்டவர்கள் நகைத்தனர். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தந்தை தாமே ஈட்டிய சொத்திலே மகளுக்கும் பங்கு தந்தது. ஆனால் பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்திலே பிறப்புரிமையை மகனுக்கே விட்டு வைத்தது. நஞ்சை நிலம் பெரும்பாலும் எது? பரம்பரைச் சொத்துத்தானே! 1961-இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. கேளாமல் வழக்கப்படி கொடுக்கும் பரிசுகளுக்கு அதிலே விலக்கும் வந்தது. வாசலை அடைத்தார்கள், சாளரத்தின் வழியே நுழைந்தது சீர்.

செங்கற்பட்டுத் தீர்மானத்திற்கு அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 25 முதல், தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் மகளையும் பிறப்பாலே பங்குதாரர் ஆக்கியது. ஆயினும் அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது எட்டவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடுவணரசின் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கி, இந்தியா முழுமைக்கும் அவ்வுரிமையை விரித்தது. அன்று தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற ஐயம் எழுந்தது. வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டிலே உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் வந்தது, சீர் போயிற்றா? போகவில்லை. பங்கைக் கேட்டால் பிறந்த வீட்டின் உறவு அறும் என்ற அச்சத்தால், விடுதலைப் பத்திரத்திலே கையெழுத்திட்டுவிட்டுத் தலைத் தீபாவளிப் பட்டைக் கட்டிக்கொள்ளும் தங்கையர் எத்தனை பேர்!

திறவாத கதவு

இன்னொரு தம்பதியும் உண்டு. அவர்களுக்குச் சீரும் இல்லை, அழைப்பும் இல்லை. ஊருக்குள் கால் வைக்கவே வழியில்லை. காரணம்? சாதியைக் கடந்து காதலித்தார்கள். திருநாள் நெருங்கும்போது மற்றவர்கள் பயணச்சீட்டைத் தேடுகிறார்கள். இவர்கள் பாதுகாப்பைத் தேடுகிறார்கள்.

1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்திலே புரோகிதரும் மந்திரமும் இன்றி முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், வழக்கச் சடங்கின்றி நடந்த அத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மனமொத்து வாழ்ந்தவர்களை, ‘நீங்கள் கணவன் மனைவி அல்லர்’ என்றது சட்டம்! 1967-இல் அண்ணாவின் அரசு சட்டமியற்றி, 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. உற்றார் நண்பர் முன்னிலையில் தமக்குப் புரியும் மொழியிலே உறுதி கூறி, மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும் என்றது. 2018 மார்ச்சிலே உச்சநீதிமன்றம், வயதுவந்த இருவர் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தால் குறுக்கிட எந்தச் சாதிக் கூட்டத்திற்கும் உரிமை இல்லை என்று கூறி, அவர்களைக் காக்கும் கடமையை அரசுகள்மீது வைத்தது.

திருமணம் செல்லும் என்று சட்டம் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வரலாம் என்று தாயும் தந்தையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சட்டத்தால் பிறப்பிக்க முடியாது, மனமாற்றத்தால்தான் முடியும்.

எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

பழையது என்பதால் எரிக்கச் சொல்வதல்ல பகுத்தறிவு; பழையது என்பதால் வணங்கவும் சொல்வதில்லை அது. சங்க நூல்களிலே கார்த்திகை விளக்கீடு உண்டு, தீபாவளி இல்லை. ஆனால் நெல்லின் தொன்மையோ இம்மண்ணிலே வேரூன்றியது. சிவகளையில் முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல்லின் காலம், பொது ஆண்டுக்கு முன் 1155 என்று ஆய்வு சொல்வதை 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளாக நெல்லோடு வாழும் மக்கள், அறுவடை நாளிலே மகளையும் மருமகனையும் அழைத்து ஒரே பானையிலிருந்து உண்ண விரும்பினால், அதிலே மூடமும் இல்லை, தவறும் இல்லை. உண்ணட்டும், ஆற்றிலே நீராடட்டும், பத்தமடைப் பாயை விரித்து நெடுநேரம் உறங்கட்டும். சொதிக்குத் தேங்காய் துருவ மருமகனும் உட்காரட்டும்!

தள்ள வேண்டியது விலைப்பட்டியலை. ஆகவே இளைஞனே, உன் முதல் விடுமுறைக்கு முன் மாமனாருக்கு ஒரு கடிதம் எழுது: “மாமா, நாங்கள் வருகிறோம், மோதிரம் வேண்டா, கடன் வாங்காதீர்கள்.” உன் வீட்டிலே தங்கை இருந்தால் அவளிடமும் சொல்: “பத்திரத்திலே கையெழுத்திடாதே அம்மா, உன் பங்கு உன்னுடையது, நீ கேட்டாலும் நான் உன் அண்ணன்தான்.” இவ்விரண்டையும் செய்யாதவன் மேடையிலே பெண்ணுரிமை பேசுவதாற் பயன் என்ன?

சிறுவீடு கட்டிப் பொங்கலிட்ட சிறுமி, பெருவீட்டுக்கு விருந்தாளியாக அல்ல, உரியவளாக வரும் நாளே நாம் விரும்பும் திருநாள். அந்த நாளிலே, பாயில் பின்னிய இரு பெயரும் பத்திரங்களிலும் பக்கம் பக்கமாக நிற்கும்.