வலுவிழந்த கிருமியும் காயம்பட்ட நீர்ப்பையும்: புற்றுநோய்ச் சிகிச்சையில் உயிர்க்கிருமிகள் குறித்த ஒரு வரலாற்று ஆய்வு

உயிருள்ள கிருமியை மருந்தாகச் செலுத்தலாமா என்று கேட்டால், ‘போதிய அளவு வலுவிழக்கச் செய்துவிட்டால் செலுத்தலாம்’ என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. நூற்று முப்பது ஆண்டுக்கால மருத்துவ அனுபவம் இந்த விடையை முழுதாக ஏற்கவில்லை. வலுவிழப்பு கிருமியின் குணம் மட்டுமன்று. அது போய்ச் சேரும் இடத்தையும் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891இல் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வலுவிழந்தது அன்று, முழு வீரியமுள்ளது. காய்ச்சல் மூண்டது, சிலருக்குக் கட்டி கரைந்தது, சிலர் அந்தத் தொற்றாலேயே மாண்டனர். அன்று ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லை. ஆகவே கோலி கிருமிகளைச் சூட்டில் கொன்று, அந்தக் கலவையைப் பயன்படுத்தத் தொடங்கினார். உயிர்க்கிருமிச் சிகிச்சையின் முதல் அத்தியாயம் ஒரு பின்வாங்கலில் முடிந்தது.

வலுவிழக்கச் செய்யும் கலை வேறொரு நோக்கத்துக்காகப் பிறந்தது. ஆய்வாளர்களான கால்மெட், கெரென் இருவரும் பிரான்ஸின் லில் நகரில் 1908 முதல் மாட்டுக் காசநோய்க் கிருமியை, பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் மீண்டும் மீண்டும் வளர்த்தனர். 13 ஆண்டுகள், 230 முறை. இடையில் ஓர் உலகப் போர். நகரமே ஜெர்மானியர் வசம். அவர்கள் கைவிடவில்லை. எந்த மரபணு கழன்றது என்று தெரியாமலேயே 1921இல் அது பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்தாகக் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது. ஆர்.டி.1 என்ற மரபணுப் பகுதி காணாமற்போயிருப்பது 1990களில்தான் புலப்பட்டது.

1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இத்தடுப்பு மருந்து தரப்பட்ட சுமார் 250 குழந்தைகளில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பி.சி.ஜி. மறுபடி வீரியம் பெற்றுவிட்டது என்று பலர் அஞ்சினர். விசாரணையில் தெரிந்த உண்மை வேறு: ஆய்வகத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி அதில் கலந்திருந்தது. பி.சி.ஜி. கிருமி குற்றமற்றது, அதைக் கையாண்ட இடம் தவறியது.

கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்தின் (1948) வழியாக நம்மவர்க்குப் பழகிய இதே மருந்து, செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெருஞ்சோதனையில் காசநோய்த் தடுப்பில் ஏமாற்றமே தந்தது. புற்றுநோயில் அதன் கதை மாறியது. கனடாவின் கிங்ஸ்டனில் மருத்துவர் அல்வாரோ மொராலெஸ், மேலோட்டமான சிறுநீர்ப்பைப் புற்றுநோயுள்ள 9 பேரிடம் கண்டதை 1976இல் வெளியிட்டார். வாரத்துக்கு ஒரு முறை, ஆறு வாரங்கள் நீர்ப்பைக்குள் மருந்து செலுத்தினார். ஏன் ஆறு? அவருக்குக் கிடைத்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன. இன்றுவரை உலகம் பின்பற்றும் அளவு அதுதான்! அமெரிக்கா 1990இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

நீர்ப்பையின் உட்சுவர் சிதையாதவரை கிருமி அங்கேயே நின்று எதிர்ப்பணுக்களைத் திரட்டும். சுவர் கிழிந்திருந்தாலோ நிலைமை தலைகீழ். 1980களில் பதிவான மரணங்கள் சிலவற்றில், கதீட்டர் செருகும்போது காயமேற்பட்டு, அதே நேரத்தில் மருந்தும் செலுத்தப்பட்டிருந்தது. கோடிக்கணக்கான கிருமிகள் நேரே ரத்தத்தில் கலந்தன. ஆகவேதான் கட்டியைச் சுரண்டிய பிறகு இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும், சிறுநீரில் ரத்தம் கண்டால் ஒத்திப்போட வேண்டும் என்ற விதிகள் வந்தன. டொனால்ட் லாம் குழுவினர் 1992இல் தொகுத்த 2,602 நோயாளிகளின் விவரத்தில் கடுங்காய்ச்சல் 2.9 சதவீதம், ரத்தத்தில் தொற்று பரவியது 0.4 சதவீதம். சிறிய எண்தான். ஆனால் அந்த 0.4இல் தவிர்த்திருக்கக்கூடியவையும் உண்டு என்பதே என் வருத்தம்.

மரபணுவைத் திட்டமிட்டு நீக்கிய பிந்தைய தலைமுறைக் கிருமி இந்த வாதத்தை மறுபக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. வி.என்.பி.20009 என்ற சால்மோனெல்லா 25 பேருக்கு நரம்பு வழியே தரப்பட்டது; 2002இல் வந்த முடிவின்படி மூவரின் கட்டியில் மட்டுமே கிருமி குடியேறியது, எவருடைய கட்டியும் சுருங்கவில்லை. மிகச் சாதுவாக்கப்பட்ட கிருமி வேலையையும் மறந்துவிட்டது எனலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான லிஸ்டீரியா தடுப்பூசி ஏ.டி.எக்ஸ்.எஸ்.11-001 இந்தியாவிலும் சோதிக்கப்பட்டது. நரம்பு வழியே ஏற்றுவதால் பின்னர் ஆம்பிசிலின் போன்ற மருந்தால் கிருமியை அழிப்பது சோதனைத் திட்டத்திலேயே இருந்தது. அப்படியும், நோயாளி ஒருவரின் ரத்தத்தில் லிஸ்டீரியா தென்பட்டதைத் தொடர்ந்து 2015 அக்டோபரில் அமெரிக்க அரசு சோதனைகளை நிறுத்திவைத்தது. கூடுதல் கண்காணிப்பு நிபந்தனைகளோடு டிசம்பரில் தடை நீங்கியது.

பி.சி.ஜி.க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: நீர்ப்பையில் அதைப் பெற்றவருக்கு மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் முதுகெலும்பில் தொற்று வரக்கூடும். எனவே விடாத காய்ச்சலோ முதுகுவலியோ கண்டால், நீர்ப்பையில் பி.சி.ஜி. செலுத்திக்கொண்டதை எந்த மருத்துவரிடமும் மறவாமல் சொல்லுங்கள். ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் இக்கிருமியைக் கொல்லும். காசநோய்க்கு வழக்கமாகத் தரும் பைராசினமைடு கொல்லாது. மாட்டுக் கிருமி அம்மருந்துக்கு இயல்பிலேயே மசியாதது. லில் நகரத்து 230 வளர்ப்புகளும் அதை மாற்றவில்லை.