விரைவு ஒவ்வாமை ஊசி சிகிச்சை

வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளால் வரும் ஒவ்வாமை மூக்கழற்சிக்கு அளிக்கப்படும் தடுப்பாற்றல் சிகிச்சையின் சுருக்கிய வடிவம். இந்நோயில் வரும் ஓயாத தும்மல், மூக்கடைப்பு, மூக்கொழுகல் ஆகியவற்றுக்கு மெத்தையிலும் தலையணையிலும் பெருகும் இவ்வுண்ணிகளின் கழிவே பெரிதும் காரணம்.

1911இல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியாகச் செலுத்தி தடுப்பாற்றல் சிகிச்சைக்கு வழி திறந்தார். அவருடன் பணியாற்றிய ஜான் ஃப்ரீமன் 1930இல் அதிவிரைவு முறையை விவரித்தார்.

வழக்கமான முறையில் வாரம் ஓர் ஊசியாக அளவை உயர்த்தப் பல மாதங்கள் ஆகும். இதனால் சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கொத்து முறையில் ஒரே வருகையில் இரண்டு, மூன்று ஊசிகள் போட்டு, சில வாரங்களில் பராமரிப்பு அளவை எட்டுகிறார்கள். அதிவிரைவு முறைக்குச் சில நாட்களே போதும். சுருங்குவது தொடக்கக் கட்டம் மட்டுமே. பராமரிப்பு ஊசிகள் 3 முதல் 5 ஆண்டுகள் தொடர வேண்டும். நாளடைவில் உடலில் ஐஜிஜி4 எதிர்ப்பொருள் கூடி, ஒவ்வாமை எதிர்வினை தணிகிறது.

வேகம் கூடினால் ஆபத்தும் கூடும், குறிப்பாக அதிவிரைவு முறையில். உயிருக்கே ஆபத்தான அதிர்ச்சி நேரலாம் என்பதால் அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும். ஊசிக்குப் பின் குறைந்தது 30 நிமிடம் மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கூடாது.