பட்டாளத்து பட்டன்: காலம் சொல்லும், சாதி சொல்லாது

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு பட்டனைக் கொண்டுவந்தார். இணையத்தில் மலிவாக வாங்கிய மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு சேரியில் உள்ள பாட்டி வீட்டுக் கொல்லையைத் துழாவியபோது, ஒரு சாண் ஆழத்தில் கிடைத்ததாம். பித்தளை, பச்சை படிந்திருந்தது. தேய்ந்துபோன 81 என்ற எண்ணும் அதைச் சுற்றி ‘பயனியர்ஸ்’ என்ற ஆங்கில எழுத்துகளும் தெரிந்தன. "பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போடு" என்றாராம் மாமா. பாட்டி மட்டும், "எங்க தாத்தா பட்டாளத்துல மண்ணு வெட்டுனாருன்னு சொல்லுவாங்க" என்றாராம்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எடைக்குப் போயிருந்தால் சில ரூபாய் கிடைத்திருக்கும், ஒரு குடும்பத்தின் வரலாறு போயிருக்கும்.

முதலில் எண்ணைப் பார்த்தோம். பிரிட்டிஷ் படைகளில் படைப்பிரிவின் எண்ணைப் பட்டனில் பொறிக்கும் முறை 1767இல் வந்தது. இந்தியப் படைகளும் அந்த வழக்கத்தைப் பின்பற்றின. படைகளைக் கலைத்துச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் எண் மாறும். அதனால்தான் எண்ணை வைத்துக் காலம் சொல்ல முடிகிறது. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைப்பிரிவுகளுக்கெல்லாம் புதிய வரிசை எண் கொடுத்தார். மெட்ராஸ் காலாட்படையின் பழைய எண்களோடு 60 கூட்டப்பட்டது. 21ஆம் மெட்ராஸ் பயனியர்ஸ், 81ஆம் பயனியர்ஸ் ஆனது. 1922 சீரமைப்பில் 61, 64, 81 என்ற மூன்று பயனியர் பிரிவுகளும் மெட்ராஸ் பயனியர்ஸ் என்ற ஒரே பெயருக்குள் போயின. ஆக, இந்தப் பட்டன் 1903க்கும் 1922க்கும் இடைப்பட்டது. பாட்டியின் தாத்தா காலத்துக்குக் கணக்குச் சரியாக வருகிறது.

எண் தெரியாவிட்டால் கிரீடத்தைப் பாருங்கள். வளைவுகள் நடுவில் பள்ளம் விழாமல் அரைவட்டமாக ஏறி இறங்கினால், அது 1901க்குப் பிறகு வந்த அரசர்கள் காலத்துக் கிரீடம். நடுவில் பள்ளம் இருந்தால் அது விக்டோரியா காலத்ததாகவோ இரண்டாம் எலிசபெத் காலத்ததாகவோ இருக்கலாம். ஆனால் எலிசபெத் அரியணை ஏறியது 1952இல், இந்தியா குடியரசானது 1950இல். எனவே இந்தியப் படைப்பிரிவின் பட்டனில் பள்ளம் விழுந்த கிரீடம் இருந்தால் அது விக்டோரியா காலத்தது என்று கொள்ளலாம். கிரீடத்தை ஏந்தி நிற்கும் சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். 1858இல் ஆட்சி கம்பெனியின் கையைவிட்டுப் போனது.

பிறகு பட்டனைத் திருப்புங்கள். ஒரே தகடாக இருந்து, பின்னால் கம்பி வளையம் பற்றவைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பழையது. முன்தகடு, பின்தகடு என இரண்டைச் சேர்த்து மடக்கிய உப்பலான பட்டன்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவின. பின்புறத்தில் லண்டன், பர்மிங்காம் என்று ஊரும் தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். பெயரோடு ‘லிமிடெட்’ என்று இருந்தால் 1855க்கு முந்தியதாக இருக்க முடியாது. பிரிட்டனில் அந்த ஆண்டுதான் அதற்கான சட்டமே வந்தது.

ஒரு எச்சரிக்கை. பட்டன் செய்யப்பட்ட காலம் வேறு, அது மண்ணில் விழுந்த காலம் வேறு. ஓய்வு பெற்றவர் பழைய கோட்டை இருபது வருடம் போட்டிருப்பார். அந்தக் கோட்டு மகனுக்குப் போயிருக்கும். பட்டனை மட்டும் கழற்றி வேறு சட்டையில் தைத்திருப்பார்கள். ‘இதற்கு முன்பு இருக்க முடியாது’ என்பதைத்தான் பட்டன் உறுதியாகச் சொல்லும்.

பட்டன் சொல்லாத இன்னொன்று சாதி. எண்ணும் கிரீடமும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் யார் எந்தப் பிரிவில் சேரலாம் என்பதை ராணுவம் சாதி பார்த்தே முடிவு செய்தது. சாலை போடுவதும் பதுங்குகுழி வெட்டுவதும் பயனியர்களின் வேலை, துப்பாக்கியும் உண்டு. மெட்ராஸ் பயனியர்ஸிலும் மெட்ராஸ் சாப்பர்ஸிலும் பறையர் சமூகத்தினர் கணிசமாக இருந்தார்கள். 1880களில் மெட்ராஸ் படைக்கும் பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் சண்டைக்கு லாயக்கில்லை என்ற கருத்தைக் கொண்டிருந்தார். ‘போர்க்குடி’ என்ற அந்தக் கொள்கை வளர வளர மெட்ராஸ் படைப்பிரிவுகள் சுருங்கின. மெட்ராஸ் பயனியர்ஸும் 1933இல் கலைக்கப்பட்டது.

மராட்டியத்தில் மகார்களுக்கு நடந்ததும் இதுவே. அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சுபேதார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மகார்களுக்கு ராணுவக் கதவு சாத்தப்பட்டது. முன்னாள் ராணுவத்தினரான கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1917இல் 111ஆம் மகார்ஸ் என்ற பிரிவைத் தொடங்கினார்கள், போர் முடிந்ததும் கலைத்தார்கள். இரண்டாம் போரில் 1943இல் தொடங்கிய சமார் ரெஜிமென்ட்டை 1946இல் கலைத்தார்கள். இத்தகைய பிரிவின் சின்னம் மண்ணில் கிடைத்தால் மூன்று நான்கு ஆண்டுக்குள் காலத்தைச் சொல்லிவிடலாம். அவ்வளவு துல்லியம் நமக்குக் கிடைப்பதே, வேலை முடிந்ததும் நம்மவர்களை வெளியே அனுப்பியதால்தான்.

எண் மட்டும் போதாது, பெயர் வேண்டும். கோரேகான் தூணில் 1818இல் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ‘நாக்’ என்று முடியும் பெயர்களை வைத்துத்தான் அவர்கள் மகார்கள் என்று அடையாளம் கண்டார்கள். பஸ்ரா நினைவுச் சின்னத்திலோ முதல் உலகப் போரில் இறந்த இந்திய அதிகாரிகளுக்குத்தான் பெயர் பொறித்தார்கள், சாதாரண சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாக நிறுத்தினார்கள். நினைவுகூர்வதில் இப்படிப் பாகுபாடு காட்டப்பட்டதை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்காக அமைந்த குழுவே 2021இல் ஒப்புக்கொண்டது.

வெள்ளைக்காரன் சீருடையைப் போட்டதை வெறும் பெருமையாகப் பேச நாங்கள் இதை எழுதவில்லை. அந்தப் படை நாடு பிடிக்க வந்த படை. ஆனால் ஊருக்குள் செருப்புப் போட முடியாத மனிதருக்கு அது சம்பளமும் பூட்ஸும் எழுத்தறிவும் ஓய்வூதியமும் கொடுத்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உங்கள் கையில் இப்படி ஒன்று கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். தண்ணீரில் நனைத்து மென்மையான பிரஷ்ஷால் மண்ணை எடுத்தால் போதும். இரு பக்கமும் படம் எடுங்கள். இடம், ஆழம், நாள், அங்கே வாழ்ந்த குடும்பம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களிலும் ராணுவ நிலத்திலும் தோண்டாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

அடுத்து காகிதத்தைத் தேடுங்கள். வீட்டுப் பெட்டியில் ஓய்வூதியப் புத்தகம் இருக்கலாம். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், பெயரும் எண்ணும் பொறித்திருப்பார்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

அந்த மாணவர் இப்போது 81இல் இருந்து ஒரு பெயருக்குப் போகும் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறார். பாட்டிக்குத் தன் தாத்தாவின் பெயர் நினைவிருக்கிறது. தேடலை அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறோம்.