வாதசபைக்குள் யாரை விட்டார்கள்?

இந்த மண் ஆதியிலிருந்தே விவாதம் செய்த மண் என்ற பெருமைப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். அது பொய்யில்லை. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியப் பேசுவது வாதம். எப்படியாவது வெல்லப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடு இல்லாமல் எதிராளியை மட்டும் உடைப்பது விதண்டை. 'விதண்டாவாதம்' என்று நாம் திட்டுகிறோமே, அந்தச் சொல்லின் பூர்வீகம் இதுதான். ஒருவர் தோற்றுவிட்டதாக எப்போது கொள்ளலாம் என்பதற்கு 22 நிலைகளையும் அந்நூல் எண்ணி வைத்திருக்கிறது.

விதிகள் இருக்கட்டும். சபைக்குள் யாரை விட்டார்கள்? பிருகதாரண்யக உபநிடதத்தில், ஜனகரின் அவையில் கார்கி கேள்விமேல் கேள்வி கேட்கிறார். இதற்குமேல் கேட்டால் உன் தலை விழுந்துவிடும் என்கிறார் யாக்ஞவல்கியர். மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில் இன்னும் பச்சையாகவே இருக்கிறது: பிராமணருக்குத் தர்மம் சொல்லத் துணியும் சூத்திரனின் வாயிலும் காதிலும் அரசன் கொதிக்கும் எண்ணெயை ஊற்ற வேண்டும்.

பௌத்தம் இந்த இடத்தில்தான் வேறு பேச்சுக்கலையைக் கொண்டுவந்தது. மஜ்ஜிம நிகாயத்தின் அஸ்ஸலாயன சுத்தத்தில் 500 பிராமணர்கள் சேர்ந்து, வேதம் கற்ற 16 வயது அஸ்ஸலாயனனைப் புத்தரிடம் வாதிட அனுப்புகிறார்கள். பிராமணர் பிரம்மாவின் வாயில் பிறந்தவர்கள் என்பது அவன் கட்சி. புத்தர் வேத வரிக்கு வேத வரி எடுக்கவில்லை. பிராமணப் பெண்களும் மாதவிலக்காகி, கருவுற்று, பிள்ளை பெற்றுப் பாலூட்டுவதைப் பார்க்கிறோமே, பிறகு எந்த வாய் என்கிறார். அடுத்து நெருப்பைக் கேட்கிறார். உயர்குலத்தான் சந்தனக் கட்டையில் மூட்டிய தீக்கும், சண்டாளன் பன்றித் தொட்டிக் கட்டையிலோ ஆமணக்குக் கட்டையிலோ மூட்டிய தீக்கும் சுடரிலும் சூட்டிலும் வேறுபாடு உண்டா? நாய்த் தொட்டியும் வண்ணார் தொட்டியும்கூட அந்த வாதத்துக்குள் வந்துவிடுகின்றன. நமக்கு இது முக்கியம். இழிவென்று ஒதுக்கிய பொருளே அங்கே சான்றாக நிற்கிறது.

மொழியிலும் அப்படியே. தம் போதனையை வேத மொழியின் சந்தத்தில் அமைக்க பிராமணக் குலத்திலிருந்து வந்த இரு பிக்குகள் அனுமதி கேட்டபோது, புத்தர் மறுத்ததாக விநய பிடகம் சொல்கிறது.

இதற்காகப் பௌத்த நூல்களைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டியதில்லை. அம்பட்ட சுத்தத்தில் பதில் சொல்லாத இளைஞனின் தலைக்குமேல் வஜ்ரபாணி இரும்பாயுதத்தோடு நிற்கிறான்; தலை ஏழாகப் பிளக்கும் என்ற மிரட்டல் அங்கும் உண்டு. மிலிந்த பஞ்ஹாவின் நாகசேனர் மேல். அறிஞர்களைப் போல் பேசினால் வருகிறேன், அரசர்களைப் போல் என்றால் வரமாட்டேன் என்கிறார் மன்னனிடம். அரசர்களின் விவாதத்தில் மறுத்தவனுக்குத் தண்டனைதான் பதில்.

அந்தத் தண்டனை எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை காட்டுகிறது. வேள்விக்குக் கட்டிய பசுவை ஆபுத்திரன் அவிழ்த்துவிடுகிறான். அந்தணர்கள் அவனை அடித்து, பிறப்பைச் சொல்லி இழிக்கிறார்கள். நீங்கள் போற்றும் முனிவர்கள் பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்கள் அல்லவா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட, அந்தணர் ஊர்களில் பிச்சைக்குப் போனால் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். அவன் மதுரைக்குப் போய், பிச்சை எடுத்த சோற்றைக் குருடருக்கும் முடவருக்கும் முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தின்று பிழைக்கிறான்.