ஆறு வரிகளுக்கு ஓர் உரை

வரிச்சிக்குடி என்ற ஊர்ப் பெயரைப் பைத்தான் நிரல்மொழியிடம் கொடுத்து நீளம் கேட்டால் 13 என்கிறது. நாம் எண்ணினால் ஏழெழுத்துதான். யூனிகோடில் ‘ரி’ போன்ற உயிர்மெய்யும் ‘ச்’ போன்ற புள்ளியெழுத்தும் இரண்டிரண்டு குறியீடுகள். பைத்தான் அந்தக் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. முத்தையா அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ தொகுப்பு எழுத்துகளைச் சரியாகப் பிரித்து ஏழு என்று சொல்லும். ‘பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்’ என்று அடித்தால் போதும், எந்த ஊர்க் கணினிக்கும் அது வந்து சேரும்.

திருவேட்டக்குடி என்.ஐ.டி.யிலும் காரைக்கால் கல்லூரிகளிலும் நிரல் எழுதும் பிள்ளைகளின் வேலையும் அப்படி ஊர் தாண்டிப் போக வேண்டும். அதற்கு வேண்டிய ஆறு வரிகளுக்கு இது உரை.

கிட் இனிட்

கோப்புறைக்குள் ‘.கிட்’ என்ற மறைவான கோப்புறை உண்டாகும். இனி நடக்கும் மாற்றங்களின் வரலாறு அதில் சேரும். கிட் என்பது லினக்ஸ் கருநிரலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கருவி.

கிட் ஆட் .

கடைசிப் புள்ளியைக் கவனிக்க வேண்டும். ‘இங்குள்ள அனைத்தும்’ என்பது அதன் பொருள். கடவுச்சொல் எழுதிய கோப்பு கிடந்தால் அதுவும் சேர்ந்துவிடும். பிறகு அழித்தாலும் வரலாற்றின் பழைய பதிவில் இருக்கும். சேர்க்கக் கூடாதவற்றை ‘.கிட்இக்னோர்’ கோப்பில் முன்பே எழுதிவையுங்கள். வெளியே போய்விட்ட கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட வேண்டும்.

கிட் கமிட்

மாற்றத்தைப் பதிவு செய்யும் வரி. எதை மாற்றினோம் என்பதை நிரலே காட்டும்; ஏன் மாற்றினோம் என்பதைக் கமிட் செய்தியில் நாம்தான் எழுத வேண்டும்.

முதல் கமிட்டிலேயே உரிமக் கோப்பு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்றே கொள்கிறது. எழுதியவரின் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டும் உரிமை அவர் பக்கம். ஆகவே உரிமம் எழுதாமல் இணையத்தில் வைத்த நிரலைப் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்த அனுமதி இல்லை. அதைப் பொதுத் தொகுப்பு என்று சொல்வது பொருந்தாது. எம்.ஐ.டி. உரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்: எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்கக் கூடாது, எழுதியவர் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

கிட் டேக் வி1.0.0

ஒரு கமிட்டுக்குப் பதிப்பு எண் சூட்டும் வரி. மூன்று எண்களுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. பிழை மட்டும் திருத்தினால் கடைசி எண் ஏறும். பழையதைக் கெடுக்காமல் புது வசதி சேர்த்தால் நடு எண். பழைய நிரல்கள் உடையும்படி மாற்றினால் முதல் எண். செயற்கூறு ஒன்றின் பெயரை மாற்றிவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் ஏற்றினால், நம்மை நம்பிப் புதுப்பித்தவரின் நிரல் காரணம் தெரியாமல் நின்றுபோகும். முகம் தெரியாதவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு இந்த எண்.

கிட் புஷ்

கமிட்டுகள் கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். டேக் தானாகப் போகாது. அதைத் தனியே சொல்லி அனுப்ப வேண்டும்.

ட்வைன் அப்லோட்

நிரலைத் தொகுப்பாகக் கட்டிய பின், பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைபிஐக்கு அதை ஏற்றும் வரி இது. 2024 முதல் அங்கே இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். ஒருமுறை ஏற்றிய கோப்பை நீக்கலாம். அதே பெயரில், அதே எண்ணில் வேறொன்றை ஏற்ற முடியாது. இந்தக் கண்டிப்பு சரியானது. நீக்குவதையும் யோசித்தே செய்ய வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் கிடங்கிலிருந்து 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினொரு வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் எடுத்துவிட்டார். அதைச் சார்ந்திருந்த எத்தனையோ மென்பொருள்களைக் கட்ட முடியாமல் போயிற்று. அதன்பிறகு என்பிஎம் தன் விதியை இறுக்கியது. முதல் முயற்சிக்கு டெஸ்ட்பைபிஐ என்ற ஒத்திகைக் கிடங்கு இருக்கிறது. அங்கே ஏற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓப்பன்-தமிழும் எம்.ஐ.டி. உரிமத்தில்தான் வெளியாகிறது. அதன் களஞ்சியத்தைத் திறந்து கமிட்டுகளைப் படியுங்கள். உங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துச் சோதியுங்கள்; பிழை கண்டால் திருத்தி அனுப்புங்கள்.