ஸாயஸ் மூடிய குகை: ‘பிளானட் ஒஃப் த ஏப்ஸ்’ படத்தைத் திருகோணமலையிலிருந்து பார்த்தல்

1968இல் வந்த ‘பிளானட் ஒஃப் த ஏப்ஸ்’ படத்தைப் பலர் குரங்கு முகங்களுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒப்பனைக்காக ஜோன் சேம்பர்ஸுக்குச் சிறப்பு ஒஸ்கார் கிடைத்தது. பிராங்க்ளின் ஷாஃப்னர் இயக்கிய இப்படத்தில் எங்களுக்குப் பரிச்சயமானது வேறொன்று.

விண்வெளிப் பயணி டெய்லர் (சார்ல்டன் ஹெஸ்டன்) இறங்கும் உலகை மனிதக்குரங்குகள் ஆள்கின்றன. கொரில்லாக்கள் படை, ஒராங்குட்டான்கள் நிர்வாகமும் மதமும், சிம்பன்சிகள் அறிஞர்கள். மனிதர்கள் பேச்சற்ற, வேட்டையாடப்படும் பிராணிகள். தொண்டையில் சூடுபட்ட டெய்லராலும் முதலில் பேச முடிவதில்லை. பேச்சு வந்த பிறகு விசாரணை நடக்கிறது. மிருகத்துக்குச் சட்டத்தில் உரிமை இல்லை என்கிறார்கள். நீதிபதிகள் மூவரில் ஒருவர் கண்ணையும் ஒருவர் காதையும் ஒருவர் வாயையும் பொத்திக்கொள்கிறார்கள். படத்தில் அது பகிடி. ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கிய எங்கள் தாய்மாருக்கு அப்படித் தெரியாது.

டொக்டர் ஸாயஸ் விஞ்ஞான அமைச்சர்; மதத்தின் தலைமைக் காவலரும் அவரே. கோர்னேலியஸ் என்ற சிம்பன்சி அகழ்ந்த குகையில் பேசும் மனிதப் பொம்மை ஒன்று இருக்கிறது. குரங்குகளுக்கு முன்னரே பேசத் தெரிந்த மனிதர் வாழ்ந்ததற்கு அது சான்று. ஸாயஸுக்கு இது ஏற்கெனவே தெரியும். குகையை வெடிவைத்து மூட உத்தரவிடுகிறார்.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்காக ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தலைவராக நியமிக்கப்பட்டவர் பாதுகாப்புச் செயலாளர். தொடக்க உறுப்பினர்களில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது.

மூலநாவலை 1963இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், 1936இல் மலாயா றப்பர் தோட்டமொன்றுக்கு வேலைக்குப் போனவர். அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும் பங்கினர் தமிழர். அவரது இன்னொரு நாவல் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்று 1957இல் படமானது, கித்துல்கலையில் எடுத்தார்கள். சயாம் ரயில் பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் அந்தக் கதையில் இடம்பெறவில்லை. இரண்டு படங்களின் திரைக்கதையிலும் பங்குகொண்ட மைக்கேல் வில்சன், அமெரிக்கக் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் குவாய் படத்தில் பெயரிழந்தார். ஒஸ்காரோ திரைக்கதையில் ஒரு வரியும் எழுதாத பூலுக்குப் போனது.

முடிவு ஊரறிந்தது, சொல்லலாம். கடற்கரை மணலில் பாதி புதைந்து நிற்கும் சுதந்திர தேவி சிலையைக் கண்டபிறகே, தான் நிற்பது பூமி என்று டெய்லருக்குப் புரிகிறது.

அதே 1968இல் வெளியான ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் திரைக்கதையில் பங்குகொண்ட ஆர்தர் சி. கிளார்க், 1956இல் திருகோணமலைக் கடலில் சுழியோடியவர். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது, ஒரு பகுதி கடலில் விழுந்தது. செதுக்கிய தூண்களை நீருக்கடியில் அவரும் நண்பரும் கண்டு படம்பிடித்தார்கள். சுவாமிமலை அடியில் அவை இன்னும் கிடக்கின்றன. சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.