அரிசிக் கணக்கும் சீனிக் குளிசையும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள், சீனியை மட்டும் குறைத்துக்கொண்டு.

சீனி வருத்தம் எட்டிப் பார்க்காத வீடு நம் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறது. 2005–06ல் நாட்டில் எடுத்த ஆய்வில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இருந்தது. 2018–19ல் எடுத்ததில் 23 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒருவர். வாயைக் கட்டு என்று எல்லோரும் சொல்கிறோம். இந்த வாய்க்கு இந்த ருசியைப் பழக்கியது யார் என்றும் ஒருதடவை கேட்டுப் பார்க்கலாம்.

கோப்பிக் காலத்திலேயே தோட்டத்துக்கு ஆட்களோடு அரிசியும் கடல் கடந்துதான் வந்தது. இந்தியாவிலும் பர்மாவிலும் விளைந்த அரிசி. தோட்ட நிர்வாகம் மொத்தமாக வாங்கி, தொழிலாளிக்கு அளந்து கொடுத்து, சம்பளத்தில் கழித்தது. 1924ல் ரயில் பதுளையை எட்டிய பிறகு மூட்டைகள் இன்னும் இலகுவாக வந்து இறங்கின. பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் சேனையில் குரக்கனும் சோளமும் விளைந்தன. லயத்து மக்களுக்கோ நிலமில்லை. பெரட்டுக்கு விடியவே போகவேண்டும். ஆகவே காலையில் ஏதோ கொஞ்சம், இரவில் வயிறு நிறையச் சோறு என்பதே வழக்கமாயிற்று. இன்றும் நம்மில் பலர் அந்தக் கணக்கில்தான் சாப்பிடுகிறோம், தோட்டத்தில் வேலை செய்யாதவர்கள் கூட.

1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. இலங்கைக்கு வந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்துதான். அது நின்றது. பங்கீடு வந்தது, அரிசி போதாத இடத்தில் கோதுமை மாவு வந்தது. ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் லயத்துச் சாப்பாடாக வேரூன்றியதில் அந்த யுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பஸாரில் நம்மவர் கடைகளிலும் கடன் கொப்பியில் முதலில் ஏறுவது மாவும் சீனியும்தான்.

பிறகு 1973, 74. அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு, விலை ஏற்றம். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. வயதானவர்களிடம் கேட்டால் இன்றும் குரல் மாறும். 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்திலும் இப்படியொரு பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்தபோது, அவர்களின் உடம்பு சீனியைச் சமாளிக்கத் திணறுவதைக் கண்டார்கள். வயிற்றிலேயே பசியைப் பழகிய உடம்பு, பின்னால் தாராளமாகக் கிடைக்கும் மாவையும் சீனியையும் தாங்குவதில்லை. நம் லயங்களில் 1974ல் பிறந்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவர்களைப் பார்த்து, தின்று தின்றே வருத்தத்தைத் தேடிக்கொண்டாய் என்று சொல்லும் நாக்கு கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இனிக் குளிசைக்கு வருவோம். இங்கே அரிசி நின்ற அதே 1942ல், பிரான்சின் மொன்பெலியே நகரில் ஜான்போன் என்ற வைத்தியர் நெருப்புக் காய்ச்சல் நோயாளிகளுக்கு ஒரு புது மருந்து கொடுத்தார். யுத்த காலம், சாப்பாடில்லாமல் மெலிந்திருந்தவர்கள். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து அவர்களின் இரத்தச் சீனியை அடிமட்டத்துக்கு இறக்கியது. சிலர் இறந்தார்கள். அதே ஊரில் லூபாத்தியேர் என்பவர் அதை ஆராய்ந்து, அந்த மருந்து கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று கண்டார். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் எல்லாம் அந்தப் பரம்பரைதான். பசித்த வயிற்றில் அது என்ன செய்யும் என்பது கண்டுபிடித்த நாளிலேயே தெரிந்துபோன விஷயம்.

மெட்ஃபோமின் வேறு குடும்பம். ஐரோப்பாவில் ஆட்டுக்குப் போடும் ஒரு செடியின் சரக்கிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி அது. 1957ல் பாரிஸில் ஜான் ஸ்டேர்ன் அதைச் சீனி வருத்தத்துக்குக் கொடுத்து எழுதினார். தனியாக எடுத்தால் சீனியை ஆபத்தாக இறக்குவது அபூர்வம். பசியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், வயிற்றைக் கொஞ்சம் கலக்கும். அதனால்தான் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள். வயிற்றைக் கலக்குகிறது என்று நம்மவர்கள் முதலில் நிறுத்துவதும் இதைத்தான்!

கிளினிக்கில் கொடுக்கும் பக்கற்றில் கம்பனிப் பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரே இருந்தால், அதற்குப் பேராசிரியர் சேனக பிபிலையை நினைக்க வேண்டும். 1971ல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். அந்தப் பெயரை வாசித்தாலே கையிலிருப்பது எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும்.

வெறுந்தேத்தண்ணியோடு கிளிக்கிளசைட்டைப் போட்டுக்கொண்டு மலையேறும் அக்காமாருக்குப் பத்து மணியளவில் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், அடங்காத பசி எடுக்கும். சாப்பாட்டு ஆசையென்று அதை நினைத்துவிடக் கூடாது. சீனி இறங்கியதால் உடம்பு போடும் கூச்சல் அது. உடனே மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? அப்போது தாங்கிக்கொண்டு, பகலில் இரண்டு மடங்கு சோறு. பின்னேரம் சீனி ஏறும். அடுத்த கிளினிக்கில் குளிசையின் அளவும் ஏறும். காலையில் என்ன சாப்பிடுகிறோம், எத்தனை மணிக்கு என்பதை வைத்தியரிடம் நாம் சொல்வதே இல்லை.

நோன்பிலும் இதே கதைதான். 2001ல் 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வில், இரண்டாம் வகைக்காரர்களுக்கு றமழானில் கடுமையாகச் சீனி இறங்குவது மற்ற மாதங்களை விட ஏழரை மடங்கு கூடியிருந்தது. காலைக் குளிசையை வழமையான அளவிலேயே ஸஹருக்குப் போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி கிடப்பதும் இதற்கு ஒரு காரணம். பொதுவாகப் பெரிய அளவை இஃப்தாருக்கு மாற்றி, ஸஹருக்கானதைக் குறைப்பார்கள். இதை வைத்தியர்தான் செய்யவேண்டும், பக்கத்து வீட்டு ஹாஜியார் அல்ல. றமழானுக்கு ஆறு எட்டுக் கிழமை முந்தியே, றஜப் தொடக்கத்தில் அல்லது நடுப்பகுதியில் கிளினிக் கொப்பியோடு போய்க் கேட்க வேண்டும். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்களும் சொல்லியிருக்கிறார்கள். பார்த்ததில் 70க்குக் கீழே இறங்கியிருந்தால், அஸர் தாண்டியிருந்தாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும்.